அத்தியாயம் 7: இப்போது என்ன நாவல் ஓடுகிறது?

வாசிக்கிற பழக்கமுள்ள இரண்டு பேர் சந்தித்தால், நலம் விசாரித்த கையோடு வரும் கேள்வி: "இப்ப என்ன படிச்சிட்டிருக்கீங்க?" இதற்கு நம்மிடம் வழக்கமாக இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது. "மோகமுள்" என்கிறோம். "ஓ, நல்லா இருக்குமே" என்கிறார் எதிரில் இருப்பவர். அதோடு பேச்சு வெயிலுக்கும் பெட்ரோல் விலைக்கும் போய்விடுகிறது. இன்னொன்று, முதல் பக்கத்தில் பிடித்து முடிவு வரை கதையை ஒப்பிப்பது. கேட்டவர் அந்த நாவலை இனி வாங்க மாட்டார். அவருக்குத்தான் கதை தெரிந்துவிட்டதே!

இந்த அத்தியாயம், அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மூன்று நிமிடப் பேச்சைப் பற்றியது. முழுதாகப் படித்து முடித்து மதிப்புரை எழுதுவது வேறு வேலை. அதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம். இங்கே நமக்கு வேண்டியது, ஒரு நாவலுக்குள் இருக்கும்போதே அதைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லும் வித்தை. விதி சுருக்கமானது: கதையைச் சொல்லாதீர்கள், கதைக்குள் நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

முடிக்கும்வரை ஏன் காத்திருக்கக் கூடாது?

"முடிச்சிட்டுச் சொல்றேன்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வதே இல்லை. முடித்ததும் அடுத்த புத்தகம் கைக்கு வந்துவிடுகிறது. முடித்த பிறகு மனதில் எஞ்சுவதும் ஒரு தீர்ப்புதான்: நன்றாக இருந்தது, சுமார், இழுவை. நடுவில் இருக்கும்போது நம்மிடம் இருப்பவை கேள்விகள். இவள் இப்படிச் செய்வாளா, அவன் வருவானா, இந்தக் கிழவர் சொல்வது நிஜமா? தீர்ப்பைக் கேட்டு யாரும் புத்தகம் தேடிப் போவதில்லை. கேள்விதான் மனிதரை இழுக்கும்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரா வாரம் மணியத்தின் ஓவியங்களோடு வந்தது. நந்தினி யார், பழுவேட்டரையர் என்ன செய்வார், வந்தியத்தேவன் எப்படித் தப்புவான் என்று நாலு ஆண்டுக் காலம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் பேச்சு நடந்தது. அந்தப் பேச்சில் கலந்துகொண்ட ஒருவருக்கும் முடிவு தெரியாது. தெரியாததால்தான் பேச்சு சூடாக இருந்தது. வீட்டில் இதழ் வந்ததும் யார் முதலில் படிப்பது என்று சண்டை நடக்கும். தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்துக்கொள்வார்கள். அந்த பைண்டு புத்தகங்கள் இன்றும் பல வீட்டுப் பரண்களில் இருக்கின்றன.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஒன்றே. தொடர்கதையின் வாசகர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில், ஒரே பக்கத்தில் நின்றார்கள். இன்று நாம் ஆளுக்கொரு பக்கத்தில் நிற்கிறோம். நீங்கள் மூன்றாம் பாகத்தில் இருக்கலாம், உங்கள் நண்பர் அட்டையையே பார்த்திராமல் இருக்கலாம், பக்கத்து மேசைக்காரர் இரண்டு முறை முடித்தவராக இருக்கலாம். நாவலைப் பற்றிய பேச்சில் வரும் சிக்கல்களில் பாதி இங்கிருந்து வருகிறது. நிற்கும் இடத்தை முதலில் சொல்லிவிட்டால் அந்தப் பாதி தீர்ந்துவிடும்.

சொல்ல வேண்டிய நான்கு

எந்த நாவலாக இருந்தாலும் கீழே உள்ள நான்கையும் சொன்னால் போதும். இதே வரிசையில் சொல்லிப் பழகுங்கள்.

1. எங்கே இருக்கிறேன். "நூறாவது பக்கம்", "இரண்டாம் பாகம் ஆரம்பம்", "இன்னும் முப்பது பக்கம் பாக்கி." உங்கள் கருத்துக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று கேட்பவர் இதை வைத்து முடிவு செய்துகொள்வார். ஏற்கெனவே படித்தவராக இருந்தால், எதுவரை பேசலாம் என்று அவருக்கும் தெரியும்.

2. எந்த உலகம். ஊர், காலம், மனிதர்களின் தொழில். இதற்கு ஒரு வாக்கியம் போதும். சோ. தர்மனின் 'சூல்' என்றால் கரிசல் கிராமம் ஒன்றும் அதன் கண்மாயும். எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' என்றால் நாதஸ்வரக் கலைஞர்களின் அலைச்சல். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' என்றால் தூத்துக்குடி உப்பளம். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' என்றால் இரண்டாம் உலகப் போர்க்கால மெடானும் பினாங்கும், அங்கே பிழைக்கப் போன தமிழர்களும். கதையே சொல்லாமல் எவ்வளவு சொல்லிவிட்டோம் பாருங்கள்.

3. எது பிடித்திருக்கிறது. ஒன்றே ஒன்று. ஒரு பாத்திரம், ஒரு பழக்கம், ஒரு பேச்சு முறை, ஒரு வேலை நடக்கும் விதம். பட்டியல் போட வேண்டாம். ஐந்து சிறப்புகளைச் சொன்னால் கேட்பவர் மனதில் ஒன்றும் தங்காது.

4. எது இடறுகிறது. வட்டார வழக்கு, பாத்திரங்களின் கூட்டம், மெதுவான தொடக்கம், தாங்க முடியாத துயரம் என எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். குறையும் சேர்த்துச் சொன்னால்தான் நிறையை நம்புவார்கள்.

ஒரு மாதிரி. அசோகமித்திரனின் 'தண்ணீர்' படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"அசோகமித்திரனோட 'தண்ணீர்' பாதி தாண்டிட்டேன். சின்னப் புத்தகம்தான். மெட்ராஸ்ல ஒரு தெரு, குழாயில தண்ணி வரலை, அவ்வளவுதான் விஷயம். ஜமுனா, சாயான்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேர். குடத்தைத் தூக்கிட்டு அலையறதுலயே அந்தத் தெருவுல யாரு எப்படிப்பட்டவங்கன்னு காட்டிடறார். ஒரு இடத்துலயும் குரலை உயர்த்தலை. பெரிசா திருப்பம் எதுவும் வரும்னு எதிர்பார்த்தா ஏமாந்துபோவீங்க. வேலை முடிஞ்சு வந்து தினம் இருபது பக்கம்னு போயிட்டிருக்கு."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான்கும் வந்துவிட்டன. முடிவைப் பற்றி ஒரு சொல் இல்லை. தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த அனுபவம் உள்ள எவரும் இதைக் கேட்டுச் சும்மா இருக்க மாட்டார். தன் கதை ஒன்றைச் சொல்லத் தொடங்குவார். பேச்சு ஓடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"அருமை"யை விட்டுவிடுங்கள்

நாவல்களைப் பற்றிப் பேசும்போது நம் வாயில் தானாக வந்து விழும் சொற்கள் சில இருக்கின்றன. அருமை, அற்புதம், செம, கீழே வைக்க முடியவில்லை, கண்ணீர் வந்துவிட்டது, எழுத்தாளர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். இவற்றில் பொய் இல்லை. ஆனால் எல்லாப் புத்தகத்துக்கும் பொருந்துவதால் எந்தப் புத்தகத்தையும் காட்டுவதில்லை. இவற்றில் ஒன்று வாயில் வந்தால் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தப் பக்கத்தில்?" பதில் கிடைத்தால் அந்தப் பக்கத்தைச் சொல்லுங்கள்.

சில மாற்றங்களைப் பாருங்கள்.

"நடை அருமை" என்பதற்குப் பதில்: "தி. ஜானகிராமன் பேச்சிலேயே கதையை நகர்த்துகிறார். 'மோகமுள்'ளில் பாபு ரங்கண்ணாவிடம் பாட்டுக் கற்றுக்கொள்ளும் இடங்களில், சங்கீதம் தெரியாத எனக்கே அந்தக் கும்பகோணத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டதுபோல் இருக்கிறது."

"மண் மணக்கிறது" என்பதற்குப் பதில்: "கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தில் மங்கத்தாயாரம்மாள் என்று ஒரு பாட்டி. தங்கள் முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து கிளம்பி வந்த கதையை அவள் சொல்கிறாள். எங்கள் பாட்டி கதை சொன்னதும் இப்படித்தான், நடுநடுவே வேறெங்கோ போய்விட்டுத் திரும்பி வருவாள்."

"விறுவிறுப்பு" என்பதற்குப் பதில்: "பூமணியின் 'வெக்கை'யில் கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் அப்பனும் மகனும் ஒளிந்து திரிவதுதான் நாவல். எங்கே தூங்குவது, எதைச் சாப்பிடுவது என்பதிலேயே பதற்றம் இருக்கிறது."

மூன்றிலும் ஒரே காரியம்தான் நடந்திருக்கிறது. பாராட்டு போய், பாராட்டுக்குக் காரணமான இடம் வந்திருக்கிறது. இதில் இன்னொரு வசதியும் உண்டு. உங்கள் ரசனை வேறு, நண்பரின் ரசனை வேறாக இருந்தாலும் அவர் தனக்கு ஏற்றதா என்று தானே முடிவு செய்துகொள்ள முடியும். பேச்சிலேயே நகரும் நாவல் பிடிக்காதவர் 'மோகமுள்'ளைத் தள்ளிப்போடலாம். அதுவும் நல்ல பகிர்வின் பலன்தான்.

இந்தக் கலையில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. க.நா. சுப்ரமண்யம் தான் படித்து மதித்த நூல்களைச் சிறு சிறு கட்டுரைகளாக அறிமுகப்படுத்தி எழுதினார். அந்தத் தொகுப்பின் பெயரே 'படித்திருக்கிறீர்களா?' என்பதுதான். கோட்பாடு எதையும் விரிக்காமல் ஒரு வாசகர் இன்னொரு வாசகரிடம் பேசுகிற தோரணை அதில் இருக்கும். 1942-இல் வெளிவந்த ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' போன்ற கொங்கு நாட்டு நாவல் இலக்கிய வாசகர்களிடையே தொடர்ந்து பேசப்பட்டதில், க.நா.சு. விடாமல் அதைப் பற்றிச் சொல்லிவந்ததற்குப் பெரிய பங்கு உண்டு.

எவ்வளவு கதை சொல்லலாம்?

சஸ்பென்ஸை உடைத்துவிட்டார் என்ற கெட்ட பெயர் ஒருமுறை வந்தால், அப்புறம் நம்மிடம் யாரும் புத்தகம் பற்றிப் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கையோடு வைத்துக்கொள்ள ஓர் எளிய அளவு: கால் பங்கு. நாவலின் முதல் கால் பகுதிக்குள் ஆசிரியரே வெளிப்படுத்திவிட்டதை நீங்களும் சொல்லலாம். அதற்கு மேல் தெரிந்ததைச் சொல்ல வேண்டாம். இது பெரும்பாலான நாவல்களுக்குப் பொருந்தும். பொருந்தாத சில வகைகளைத் தனியாகப் பார்ப்போம்.

குறுநாவல்: சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' மொத்தமும் ஒரு ஜல்லிக்கட்டுக்குள் நடந்து முடிகிறது. பிச்சி ஏன் வந்திருக்கிறான், காரி எப்படிப்பட்ட காளை என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாடிவாசல் திறந்த பிறகு நடப்பதில் ஒரு வரி சொன்னாலும் அநியாயம்.

வரலாறு தெரிந்த கதை: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான் என்பது வரலாறு, அந்தக் கொலையில் தொடர்புடையவர்களின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. ஆகவே அது ரகசியமல்ல என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் கல்வெட்டு படிக்காத பதினைந்து வயதுப் பையன் ஒருவன் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தில் இருந்தால் அவனுக்கு அது ரகசியம்தான். வரலாறு உங்களுக்குத் தெரியும் என்பதைவிட, கேட்பவருக்குத் தெரியுமா என்பதே முக்கியம். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' சுதந்திரத்தை ஒட்டிய காலத்து ஹைதராபாத் சமஸ்தானத்தில் நடக்கிறது. நிஜாம் ஆட்சி என்ன ஆனது என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தாராளமாகப் பேசலாம். நாவலின் நாயகன் சந்திரசேகரனுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

படமாக வந்த கதை: 'வெக்கை'யைத் தழுவி 2019-இல் 'அசுரன்' வந்தது. "படம் பார்த்தாச்சே, புத்தகம் எதுக்கு?" என்று கேட்பவரிடம், படத்தில் வரும் அப்பாவின் இளமைக் காலக் கதை நாவலில் இல்லை என்று சொல்லுங்கள். புத்தகம் முழுக்கச் சிறுவன் சிதம்பரத்தை ஒட்டியே போகிறது. 'பொன்னியின் செல்வன்' படங்கள் 2022-இலும் 2023-இலும் வந்த பிறகு நாவலைத் தொட்டவர்களும் ஏராளம். அவர்களிடம், படத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தையோ ஓர் அத்தியாயத்தையோ எடுத்துச் சொன்னால் போதும், புத்தகத்தை எடுத்துவிடுவார்கள்.

ஆசிரியரே வெளிப்படையாகச் சொல்லிவிட்ட கதை: ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் ஒரு தாய் தன் மகளுக்கு நேர்ந்ததை எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்பது தமிழில் பெரும் விவாதத்தை எழுப்பியது. அந்தத் தாய் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து எழுந்ததுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. இதைச் சொல்வதால் நாவல் கெடாது. மாறாக, சிறுகதையையும் நாவலையும் சேர்த்துப் படிக்கச் சொல்ல இது நல்ல காரணம்.

ஓர் எச்சரிக்கை. தமிழ் நாவல்களின் முன்னுரையும் அணிந்துரையும் பல சமயம் கதையை முழுதாகச் சொல்லிவிடும். நண்பருக்குப் புத்தகம் கொடுக்கும்போது, "முன்னுரையைக் கடைசியில் படிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். பின்னட்டைக்கும் இதே ஆலோசனை பொருந்தும்.

ஆள் அறிந்து சொல்லுங்கள்

உங்களுக்குப் பிடித்தது எல்லோருக்கும் பிடிக்கும் என்று நினைப்பது வாசகர்களின் பொது நோய். உங்கள் கையில் இருக்கும் நாவலைப் பற்றி யாரிடமும் பேசலாம். "நீயும் படி" என்று சொல்லும்போதுதான் ஆளைப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தோடு வாசிப்பை நிறுத்தியவர்: ஆயிரம் பக்கத்தை நீட்டாதீர்கள். 'வாடிவாசல்', 'தண்ணீர்', வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' ஆகியவை ஓரிரு விடுமுறை நாட்களில் முடிந்துவிடும். ஒரு நாவலை முடித்துவிட்டோம் என்ற தெம்பு வந்தால் அடுத்ததை அவரே கேட்பார்.

சரித்திரக் கதைப் பிரியர்: கல்கி, சாண்டில்யன் எல்லாம் முடித்துவிட்டு "அடுத்து என்ன?" என்று நிற்பவர்கள். மதுரையின் பல நூற்றாண்டுகளை எடுத்துக்கொள்ளும் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும். பொறுமை உள்ளவருக்குச் சொல்லலாம். அரசர்களை விட்டு ஒரு கிராமத்தின் பக்கமிருந்து வரலாற்றைப் பார்க்க விரும்பினால் 'கோபல்ல கிராமம்'.

க்ரைம், குடும்ப நாவல் வாசகர்: ராஜேஷ்குமார், ரமணிசந்திரன் என்று மாத நாவல்களைத் தொடர்ந்து படிப்பவர்களிடம் முகத்தைச் சுளிக்காதீர்கள். வாரம் இரண்டு புத்தகம் முடிக்கிற வேகமும் பழக்கமும் அவர்களிடம் இருக்கிறது. இலக்கியம் பேசுகிற பலரிடம் அது கிடையாது. முதலில் அவர் படிப்பதைப் பற்றிக் கேளுங்கள். பிறகு, விறுவிறுப்பு வேண்டுமென்றால் 'வெக்கை', குடும்பத்துக்குள் நடக்கும் மௌனப் போர் வேண்டுமென்றால் தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' என்று மெதுவாக எடுத்துவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள்: இங்கே சொல்வதைவிடக் கேட்பது பலன் தரும். லக்ஷ்மி, அனுத்தமா, சிவசங்கரி, ஜெயகாந்தன் தொடர்களைச் சுடச்சுடப் படித்த தலைமுறை அது. ஒரு பேச்சு இப்படித் தொடங்கலாம்:

"அத்தை, நான் இப்ப 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படிச்சிட்டிருக்கேன். கங்காவோட மாமா வர்ற இடத்துல இருக்கேன். நீங்க படிச்சிருக்கீங்களா?"

"படிக்காம என்னடி! அந்த ஆளைப் பத்தி எங்க ஆபீஸ்ல சண்டையே நடந்துது. நீ முழுசாப் படி, அப்புறம் சொல்றேன்."

அத்தை முடிவைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய தொடர்கதை வாசகர்களுக்கு இந்த நாகரிகம் இயல்பாகவே உண்டு.

துயரத்தில் இருப்பவர்: இவரிடம் மட்டும் உங்கள் உற்சாகத்தை அடக்கிக்கொள்ளுங்கள். இமையத்தின் 'செல்லாத பணம்' பெரும்பகுதி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் நடக்கிறது. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' உடற்குறையுள்ளவர்களைப் பிச்சைக்கு விற்கிற உலகத்தைக் காட்டுகிறது. இரண்டும் முக்கியமான நாவல்கள். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லாமல் கையில் கொடுக்கக் கூடாத நாவல்கள்.

பாதியில் நின்றுவிட்டால்

நின்றதையும் சொல்லலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. சொல்லும் முறைதான் முக்கியம். "மொக்கை, தூக்கிப் போட்டுட்டேன்" என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. "அறுபதாவது பக்கத்துல நிக்குது, ஆளுங்க பேரெல்லாம் குழம்புது" என்றால், படித்து முடித்தவர் ஒரு வழி சொல்வார்.

பெரும்பாலும் இடறுவது வட்டார வழக்கில்தான். ஜோ டி குரூஸின் 'ஆழிசூழ் உலகு' பரதவர்களின் பேச்சிலும் கடல் தொழிலின் சொற்களிலும் எழுதப்பட்டது. கடலோரத்தில் வளராதவருக்கு முதல் பக்கங்கள் கடினம். தோப்பில் முஹம்மது மீரானின் நாவல்களில் குமரி மாவட்டத்து முஸ்லிம்களின் பேச்சும் அப்படியே. இதற்கு மூன்று வழிகள் சொல்லலாம். வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குப் புரியாத பேச்சு காதுக்குப் பிடிபடும். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று அர்த்தம் தேடாமல் ஐம்பது பக்கம் வரை ஓடச் சொல்லுங்கள். அப்புறமும் ஒட்டவில்லை என்றால் வைத்துவிடச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்துத் திரும்ப எடுக்கலாம்.

மிக நீண்ட நாவல்களில் முடிப்பதைப் பற்றிய கவலையே வேண்டாம். மகாபாரதத்தை மறுஆக்கம் செய்யும் ஜெயமோகனின் 'வெண்முரசு' 26 நாவல்கள் கொண்டது. அதை முடித்த பிறகுதான் பேசுவேன் என்றால் பல வருடம் வாய் மூடி இருக்க வேண்டியதுதான். எந்த நாவலில், எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு இன்றே பேசலாம்.

கூடிப் பேச ஒரு வட்டம்

இரண்டு பேர் பேசுவது ஆறு பேர் பேசுவதாக வளர்ந்தால் அது வாசகர் வட்டம். நம் ஊரில் இதற்கு நல்ல மரபு இருக்கிறது. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டில் கூடிய வட்டத்தொட்டியில் கம்பனின் பாடல்களைப் படித்து ரசிப்பதே வேலையாக இருந்தது. சென்னையில் 1970-இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை, மாதந்தோறும் கூடி அந்த மாதம் இதழ்களில் வந்த சிறுகதைகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து வந்தது. தமிழகத்துப் பொது நூலகங்களிலும் வாசகர் வட்டங்கள் உண்டு. உங்கள் ஊர்க் கிளை நூலகரிடம் கேட்டால் ஓர் அறையும் சில நாற்காலிகளும் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சில நடைமுறைகள்:

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் சிலர் பேச்சாளர்களாகவும் மற்றவர்கள் பார்வையாளர்களாகவும் மாறிவிடுவார்கள்.

எல்லோரும் ஒரே நாவலைப் படித்துவர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அவரவர் அப்போது படித்துக்கொண்டிருப்பதை, அடையாளத் தாள் செருகிய நிலையிலேயே கொண்டுவரட்டும்.

ஆளுக்கு மூன்று நிமிடம். முன்னே சொன்ன நான்கையும் சொல்லிவிட்டு, பிடித்த ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஆயிரம் பாராட்டு செய்யாததை அந்த ஒரு பத்தி செய்யும்.

முடித்தவர்கள் முடிவைப் பேச விரும்பினால் கூட்டம் முடிந்த பிறகு டீக்கடையில் வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு நோட்டில் தேதி, நாவல், சொன்னவர், பக்கம் என்று நான்கு பத்திகளில் எழுதி வையுங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கோ, உங்கள் மாவட்டத்துப் புத்தகத் திருவிழாவுக்கோ போகும்போது அந்த நோட்டுதான் வாங்க வேண்டிய பட்டியல்.

புத்தகம் கைமாறும்போது

பேச்சு நன்றாக நடந்தால் அடுத்த கேள்வி, "படிச்சிட்டுத் தர்றியா?" இரவல் கொடுத்தால் பெயரும் தேதியும் குறித்து வையுங்கள். திரும்பி வராவிட்டால் மனம் வலிக்கும் என்று நினைக்கும் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். பதிப்பகத்தின் பெயரைச் சொல்லி வாங்கச் சொல்லுங்கள். சென்னையில் கன்னிமாரா நூலகமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. நீங்கள் சொன்ன நாவலை அங்கே தேடிப் பார்க்கச் சொல்லலாம்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. அதனால்தான் 'பொன்னியின் செல்வன்' பல பதிப்பகங்களில் பல விலைகளில் கிடைக்கிறது. நாட்டுடைமை நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் படிக்கலாம். இன்று எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளரின் நாவலைப் பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவது வேறு சங்கதி. அது பகிர்வு அல்ல, திருட்டுக்குத் துணைபோவது. பிடித்த எழுத்தாளருக்கு நாம் செய்யக்கூடிய நேரடியான உதவி, அவர் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவதும் வாங்க வைப்பதும்தான்.

எழுத்தில் சொல்ல ஒரு வார்ப்பு

நேரில் பேச வாய்ப்பில்லாதபோது கைபேசியில் ஐந்து வரி அனுப்பலாம். கீழே உள்ள வார்ப்பில் இடைவெளிகளை நிரப்பினால் போதும்:

நான் இப்போது ________ எழுதிய ________ படிக்கிறேன்.
________ பக்கத்தில் இருக்கிறேன்.
கதை நடப்பது ________ இல், ________ காலத்தில்.
இதுவரை எனக்குப் பிடித்தது ________.
கொஞ்சம் இடறுவது ________. நீ படித்திருக்கிறாயா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் உங்கள் செய்தி அறிவிப்பாக நின்றுவிடும். இருந்தால் பதில் வரும்.

பயிற்சி

1. இப்போது கையில் இருக்கும் நாவலை எடுத்து, மேலே உள்ள வார்ப்பை நிரப்புங்கள். "அருமை", "அற்புதம்" வந்திருந்தால் அடித்துவிட்டு, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்.

2. அதே நாவலைப் பற்றி மூன்று பேரிடம் சொல்வதாக நினைத்துத் தனித்தனியாக எழுதுங்கள்: வீட்டுப் பெரியவர் ஒருவர், உடன் வேலை செய்பவர் ஒருவர், வாசிப்பே இல்லாத இளையவர் ஒருவர். மூன்றிலும் நீங்கள் தேர்ந்தெடுத்த "பிடித்த இடம்" ஒன்றாகவே இருந்தால், இன்னும் ஆளைப் பார்க்கவில்லை என்று பொருள்.

3. வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் அவர் வாரா வாரம் காத்திருந்து படித்த தொடர்கதை எது என்று கேளுங்கள். அதைத் தேடிப் பிடித்து முதல் ஐம்பது பக்கம் படித்துவிட்டு, எங்கே நிற்கிறீர்கள் என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

மூன்றாவது பயிற்சியை இந்த வாரமே செய்யுங்கள். மற்ற இரண்டும் காத்திருக்கலாம். நாவல் கடையிலும் நூலகத்திலும் எப்போதும் கிடைக்கும். அதைச் சுடச்சுடப் படித்தவரிடம் கேட்க நமக்குக் கிடைக்கும் காலம் குறைவு.